தந்தி வாங்கிய கணக்கு

10 ஜூலை 2024, புதன்

ஜெர்மனியில் உள்ள ஒரு கடைக்கு வயலின் தந்தி ஆர்டர் போட்டாயிற்று. டொமினன்ட் இரண்டு செட், முதல் தந்தி மட்டும் தனியாகச் சில. வியன்னாவில் தயாராகும் சரக்கு. சுருதியை இறக்கி வாசிக்கும் நமக்கு அதிலேயே தடித்த ரகம்தான் இதமாக இருக்கும். ஸ்ரீரங்கத்தில் அது கிடைக்காது. சென்னைக் கடைகளில் சொல்லி வைத்தால் எப்போது வருமென்று தெரியாது.

தபால் செலவோடு 150 யூரோ. இன்றைய விலை 90.40. அப்படியானால் 13,560 ரூபாய். சுங்கத் தீர்வையைக் கூரியர்காரர் வாசலில் வாங்கிக்கொள்வார், அது தெரிந்த செலவுதான்.

12 ஜூலை, வெள்ளி

பழைய கச்சேரிப் பதிவுகளைச் சுருதி மாறாமல் மெதுவாக ஓடவிடும் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். மாணவர்களுக்கு சங்கதியைப் பிரித்துக் காட்ட இது இல்லாமல் இப்போது முடிவதில்லை. விலை ரூபாயிலேயே போட்டிருந்தது: 4,200. ஓடிபி கேட்கவில்லை, பணம் போய்விட்டது. அடுத்த நொடி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: உங்கள் அட்டையில் ரூ. 4,200 செலவாகியுள்ளது.

25 ஜூலை, வியாழன்

அட்டை பில் வந்தது. தந்திக்கு 13,680 போட்டிருக்கிறது. அதற்குக் கீழே, வேறொரு தேதியில், 'எஃப்சிஒய் மார்க்கப் ஃபீ' 478.80. அதற்கும் கீழே 'ஐஜிஎஸ்டி 18%' 86.18. ஆக மொத்தம் 14,244.98. நான் எடுத்து வைத்திருந்த தொகையைவிட 684 ரூபாய் சொச்சம் கூடுதல். ஒரு பிள்ளையின் ஒரு மாத ஃபீஸ் அது.

இதையாவது வெளிநாட்டுக் கடை, யூரோ என்று புரிந்துகொள்ளலாம். மென்பொருள் சந்தாவுக்குக் கீழே 42 ரூபாயும் 7.56 வரியும் எதற்கு? அது ரூபாயில் விலை போட்டு ரூபாயில் வாங்கிய பணம். எந்த நாணயத்தை எதற்கு மாற்றினார்கள்?

27 ஜூலை, சனி

சென்னையில் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் வேலை பார்க்கும் பழைய மாணவி வார இறுதிக்கு வந்திருந்தாள். வர்ணம் ஒன்று வாசித்து முடித்ததும் பில்லை அவள் கையில் கொடுத்தேன்.

"டீச்சர், முதல்ல தந்தி. நீங்க வாங்கின அன்னைக்கு ரேட் பிடிக்க மாட்டாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு கணக்கு செட்டில் ஆகுற அன்னைக்கு கார்டு நெட்வொர்க் என்ன ரேட் போடுதோ அதுதான். அதுக்கு மேல வங்கியோட மார்க்கப் மூன்றரை சதவீதம், அந்த மார்க்கப்புக்கு ஜிஎஸ்டி. சேர்த்தா 4.13. ரெண்டு சதவீத கார்டும் இருக்கு, மார்க்கப்பே இல்லாததும் இருக்கு."

"சரி, இந்த நாற்பத்திரண்டு ரூபாய்?"

"விலை ரூபாயில இருந்தாலும் கம்பெனி வெளிநாட்டுல பதிவாகி இருக்கு டீச்சர். பணம் அங்கே இருக்கிற வங்கிக்குப் போகுது. அதனால ஒரு சதவீதம். கார்டு கொடுக்கும்போது கொடுத்த எம்ஐடிசி, அதாவது முக்கிய நிபந்தனைகள் தாள்ல இருக்கும் பாருங்க."

தேடி எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. பொடி எழுத்தில் இரண்டும் இருக்கின்றன. சொல்லாத கட்டணத்தை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு விதிகள் சொல்கின்றன. வங்கி சொல்லித்தான் இருக்கிறது, என்றைக்கோ ஒரு தாளில். ஆனால் நான் பணம் கட்டும் பக்கத்தில், அந்தக் கம்பெனி எந்த ஊரில் பதிவானது என்று எழுதியிருக்கவில்லையே. அது தெரியாமல் அந்தத் தாளை மனப்பாடமே செய்தாலும் என்ன பயன்?

கிளம்பும்போது இன்னொன்று சொன்னாள். பொருளைத் திருப்பி அனுப்பினால் பணம் திரும்பும் நாளின் ரேட்டில்தான் வரும், மார்க்கப் பெரும்பாலும் வராது.

28 ஜூலை, ஞாயிறு

அவள் சொல்லிக் கொடுத்த சோதனையைச் செய்து பார்த்தேன். 2020 அக்டோபர் முதல் புது அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே செயலியில் திறக்க வேண்டும். தந்திக்காக நான் திறந்து வைத்திருந்தேன். அதை மூடிவிட்டு, ரூபாயில் விலை காட்டும் இன்னொரு தளத்தில் ஒரு சின்ன ஸ்வரலிபித் தொகுப்பு வாங்கப் போனேன். அட்டை மறுக்கப்பட்டது. அப்படியானால் அதுவும் வெளிநாட்டுக் கணக்குதான். மென்பொருளுக்கு அன்று ஓடிபி வராததும் இதனால்தான். உள்நாட்டு இணைய வாணிபத்துக்கு அந்தக் கூடுதல் சரிபார்ப்பு 2009 முதலே கட்டாயம்.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. காவிரியைப் பார்த்துவிட்டு வந்து, வில் ஒன்றுக்காக வேறொரு ஐரோப்பியக் கடையைத் திறந்தேன். விலை 100 யூரோ. கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: யூரோவில் கட்டலாம், அல்லது 'உங்கள் நாணயத்தில்' 9,640 ரூபாய். ரூபாய்க் கட்டத்தில் முன்கூட்டியே டிக் விழுந்திருந்தது.

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். யூரோவில் கட்டினால் நெட்வொர்க் ரேட்டில் சுமார் 9,180. மார்க்கப்பும் வரியும் 379. மொத்தம் 9,559. ரூபாயில் கட்டினால் கடைக்காரரின் வங்கி தன் லாபத்தை ஏற்கெனவே அந்த 9,640-க்குள் வைத்துவிட்டது. அதன் மேல் என் வங்கியின் ஒரு சதவீதம், வரி. 9,753 ரூபாய் தாண்டுகிறது. தெரிந்த நாணயம் என்று நம்பி ரூபாயைத் தொடுபவர்தான் கூடுதலாக இழக்கிறார். வயதானவர்கள் எத்தனை பேர் அந்த டிக்கை அப்படியே விட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. யூரோவை அழுத்தினேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

வகுப்பு இல்லை. உலகில் மற்றவர்கள் இதை என்ன செய்தார்கள் என்று படித்தேன். அமெரிக்காவில் இந்த நாணய மாற்றுக் கட்டணத்தை ஒழுங்காகத் தெரிவிக்கவில்லை என்று விசா, மாஸ்டர்கார்டு, பெரிய வங்கிகள் மீது வழக்குப் போட்டு, 2006-இல் 33.6 கோடி டாலருக்குச் சமரசம் ஆகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் சட்டமே போட்டது. தங்கள் நாணயங்களுக்கு இடையே மாற்றும்போது, மத்திய வங்கியின் ரேட்டுக்கு மேல் எத்தனை சதவீதம் வைக்கிறார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே காட்ட வேண்டும். 2021 முதல் வங்கி அதைச் செய்தியாகவும் அட்டைக்காரருக்கு அனுப்ப வேண்டும்.

செய்தியாக! எனக்கும்தான் அன்று அடுத்த நொடி செய்தி வந்தது. வங்கி அனுமதி கொடுக்கும் அந்தக் கணத்தில் விற்பவரின் நாடு எது என்பது அதன் கணினிக்குத் தெரியும். தெரிந்துதான் ஒரு சதவீதம் போடுகிறது. 4,200 என்று சொன்ன அதே செய்தியில் 4,249.56 என்று சொல்ல என்ன தடை?

5 ஆகஸ்ட், திங்கள்

இதையே வங்கிக்கு எழுதினேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரே கேள்வி: 4,200 என்று நான் பார்த்த பக்கத்தில் நின்றுகொண்டு 4,249.56 என்று அறிய எனக்கு என்ன வழி இருந்தது? புகார் எண் கிடைத்தது.

9 ஆகஸ்ட், வெள்ளி

தந்தி வந்தது. மாற்றிவிட்டேன். மூன்றாம் தந்தியில் மந்திர பஞ்சமம் சுத்தமாக நிற்கிறது.

14 ஆகஸ்ட், புதன்

வங்கியின் பதில். கட்டணம் விதிமுறைப்படியே வசூலிக்கப்பட்டது, எனினும் நல்லெண்ண அடிப்படையில் ரூ. 49.56 திருப்பி வரவு வைக்கப்பட்டது, தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது. கேள்விக்குப் பதில் இல்லை.

16 ஆகஸ்ட், வெள்ளி

மறுபடியும் எழுதினேன். பணம் வந்தது, நன்றி, கேள்வி அப்படியே இருக்கிறது. குறுஞ்செய்தியில் கட்டணத்தையும் சேர்த்துச் சொல்வீர்களா, மாட்டீர்களா? ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போக வங்கிக்கு 30 நாள் கொடுக்க வேண்டும், அல்லது அதன் பதில் திருப்தி தராதிருக்க வேண்டும். அங்கே கட்டணம் கிடையாது. படிவத்தை இறக்கி, பில்லின் இரண்டு பக்கங்களையும் அன்றைய குறுஞ்செய்தியின் படத்தையும் சேர்த்து வைத்துவிட்டேன். செப்டம்பர் 15 வரை பார்ப்பேன்.