பழைய கணினியும் பழைய துண்டும்

நோட்டன் பிரிட்ஜ் கடைவீதியிலே ஒரு சிறிய கொமினிகேஷன் கடை உண்டு. சுற்றிலும் உள்ள தோட்டங்களின் மக்கள் தம் வாழ்வின் கடுதாசிகளையெல்லாம் நகலெடுப்பது அங்கேதான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரம், வளைகுடா நாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணின் கடவுச்சீட்டு, எதுவாயினும் அந்தக் கடைக் கணினியின் வயிற்றுக்குள் ஒருமுறை போய்த்தான் வெளியே வரும்.

அண்மையில் அந்தக் கணினிக்கு ஓய்வு கொடுக்கும் நாள் வந்தது. பழைய சாமான் வியாபாரி ஒருவர் விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார்.

"எல்லாத்தையும் டிலீட் பண்ணிட்டேன் சேர். ரீசைக்கிள் பின்னையும் காலியாக்கிட்டேன்" என்றார் கடைக்காரத் தம்பி. அவருக்கு முன்னொரு காலத்தில் கணக்குப் படிப்பித்தவர் நாம். அந்த உரிமையில், விற்பதற்கு முன் அதன் வன்தட்டை ஒரு நாள் எம்மிடம் தரும்படி கேட்டு வாங்கினோம்.

அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை அதன்மேல் ஓட்டினோம். ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் முகங்கள் வரத் தொடங்கின. நாம் தினமும் காணும் முகங்கள்! கொழுந்துக் கூடையோடு ஏறிப்போகும் பெண்களின் அடையாள அட்டைகள். தொழில் அலுவலகத்துக்கு எழுதிய முறைப்பாடுகள். கணவனைப் பிரிய வேண்டி ஒருத்தி எழுதுவித்த மனு. எமக்கு உரிமையில்லாத அறைக்குள் நுழைந்தவர்போல் வெட்கிப் போனோம்.

தம்பி பொய் சொல்லவில்லை. அழி என்று சொன்னால் கணினி செய்வது, பட்டியலிலிருந்து பெயரை வெட்டுவதும், அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்வதும்தான். செக்ரோலில் பெயரை வெட்டிவிட்டால் ஆள் மலையிலிருந்து மறைந்துவிடுவாரா? புதிய கோப்பு ஒன்று அதே இடத்தில் எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். அவசர ஃபோர்மட் செய்தாலும் நிலைமை பெரும்பாலும் இதுவே.

இது மலைநாட்டாரின் அறியாமை என்று எவரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கார்ஃபின்கல், ஷெலாட் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய வன்தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மோர்கன் ஸ்டான்லி என்ற பெரும் நிதி நிறுவனமோ, வாடிக்கையாளர் விபரங்கள் அடங்கிய பழைய கருவிகளை அனுபவமற்ற ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து, அவை ஏலத்தில் போனதற்காக 2022இல் 3 கோடியே 50 லட்சம் டொலர் தண்டம் கட்டியது. எமது இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தகவலை வைத்திருக்கலாகாது என்று சொல்கிறது.

நிற்க. அழித்துவிடுவது இத்துணை நல்லதென்றால் அன்றிரவே அதைச் செய்திருக்கலாம். எம்மால் முடியவில்லை. எம்முடைய சரித்திரம் கையைப் பிடித்தது.

எம் முன்னோரைப் பற்றிய ஏடுகள் இரண்டு வகை. ஒன்று, அவர்களைத் துரத்திய ஏடு. தோட்டம் மாற விரும்பிய தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் இவரைக் கொண்டு போகலாம் என்று எழுதிய 'துண்டு' அது. மனிதன் முன்னே போக, கடன் பின்னே போயிற்று. 1921இல்தான் சட்டம் அம்முறையை ஒழித்தது. மற்றது, வேண்டிய வேளையில் இல்லாமற்போன ஏடு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், உன் தந்தை இத்தீவில் பிறந்ததைக் காட்டு என்றது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், இடையறாது இங்கே வாழ்ந்ததைக் காட்டு என்றது. கடுதாசிக்கு எங்கே போவது? எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும், ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே உரிமை கிட்டியது. நாடற்றோர் என்ற பெயர் மற்றவர்களின் தலையில் ஏறியது.

அந்தத் தட்டிலே ஒரு மூதாட்டியின் பிரசாவுரிமைச் சான்றிதழைக் கண்டோம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பெற்றது. மூலப் பத்திரம் லயத்தில் தீப்பிடித்தபோது எரிந்துபோனதை நாம் அறிவோம். ஆக, அவருடைய உரிமைக்கு மிஞ்சிய பிரதி, பழைய சாமான் வியாபாரியின் லொறிக்குக் காத்திருந்த அந்தத் தட்டில்தான் இருந்தது.

அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வெகுநேரம் தடவித் தடவிப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, நெருப்புல போனது எப்படி வந்துச்சு?"

சொன்னோம். சிறிது யோசித்தார்.

"அப்ப இன்னொண்ணு அந்தப் பெட்டிக்குள்ள இருக்குதா? அது யாரு கையில போகும்?"

எம் தயக்கத்தை அவர் தீர்த்துவிட்டார். தம்பியும் நாமுமாகப் படங்களை அச்சிட்டு உறைகளில் ஒட்டி, உரியவர்களைத் தேடித் தேடிக் கொடுத்தோம். பலர் தம்மிடம் மூலம் இருப்பதாகக் கூறி உறையை எம் கண்முன்னே அடுப்பில் போட்டார்கள், நியாயந்தானே. சிலர் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கே போய்விட்டிருந்தார்கள்.

பிறகு முழுத் தட்டையும் பூச்சியங்களால் நிரப்பினோம். 1996இல் பீட்டர் குட்மன் என்ற அறிஞர் சொன்ன 35 தடவைக் கணக்கு அக்காலத்துத் தட்டுகளுக்கானது. இக்காலத்துச் சுழலும் தட்டுக்கு ஒரு தடவை முழுமையாக எழுதினால் போதும். பென் டிரைவும் எஸ்எஸ்டியும் வேறு சாதி. தேய்மானத்தைப் பகிர்வதற்காக அவை எழுதும் இடத்தைத் தாமே மாற்றிக்கொள்வதால், மேலெழுத்து எட்டாத மூலைகள் அவற்றில் இருக்கும். எஸ்எஸ்டிக்கு அதனுள் அமைந்த அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். கட்டளை ஏற்காத பென் டிரைவை உடைத்து நொறுக்குவதே வழி. காந்தம் காட்டுவது இவ்விரண்டிடமும் பலிக்காது.

வேலை இரவு முழுவதும் ஓடியது. விமலசுரேந்திர நீர்த்தேக்கம் அருகிலிருந்தும் எம் லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. அன்றிரவு மின்சாரம் நல்லவேளையாக நிற்கவில்லை. விடிந்ததும் ஃபோட்டோரெக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை.

உரியவர் கிடைக்காத உறைகள் ஏழு மீந்தன. ஒன்றில் ஒரு பள்ளிச் சிறுமியின் பிறப்புச் சான்றிதழ். அவற்றைக் கடையின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார் தம்பி. தைப்பொங்கல் வரை வைத்திருப்பார்.