மூவரி அணில்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று அனுப்புமாறு மலர்க்குழுவினர் பணித்த கடிதம் கிடைத்தபொழுது, விடுதி வாழ்வைப் பற்றியோ, வெள்ளிக்கிழமைப் பூசையைப் பற்றியோ, கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றியோ எழுதலாமென எண்ணினேன். அவற்றை என்னினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். இம்மலரிலேயே எழுதியும் இருப்பர். ஆசிரியத் தொழிலில் பல்லாண்டுகளைக் கழித்த நான், என் மாணாக்கி ஒருத்தியின் முன்னே தலைகுனிந்து நின்ற நாள் ஒன்றுண்டு. அதற்குக் காரணமாயிருந்தது ஓர் அணில். அதனையே எழுதத் துணிந்தேன். நகைக்க விரும்புவோர் நகைக்கலாம்.

மொனராகலைக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலை யொன்றில் அப்பொழுது நான் ஆசிரியனாயிருந்தேன். யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு மலைநாடு என்றவுடன் தேயிலையும் பனிமூட்டமுமே நினைவுக்கு வரும். மொனராகலை அத்தகையதன்று. ஊவா மாகாணத்தின் தாழ்ந்த பக்கத்தில், மரகலை மலையின் அடியில் கிடக்கும் ஊர் அது. 1959 ஆம் ஆண்டு வரை பதுளை மாவட்டத்தோடு சேர்ந்திருந்து, பின்னர்த் தனி மாவட்டமாயிற்று. மயிற்பாறை என்பது அவ்வூரின் சிங்களப் பெயருக்குப் பொருள். அங்கே தேயிலைக்குப் பதில் இறப்பர். கொழுந்து பறிப்போருக்குப் பதில் விடியுமுன்னே எழுந்து பால் வெட்டச் செல்வோர். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்று பேரும் இல்லை. பேர் என்பது தோட்டத்து மொழியில் ஒருநாட் கூலி. மழையை வேண்டிக் கோயிலுக்குப் போகும் ஊரிற் பிறந்த எனக்கு, மழையைக் கண்டு முகம் வாடும் மனிதரை அங்கேதான் முதன்முதற் காண நேர்ந்தது.

2016 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒருநாட் பின்னேரம் இடியோடு பெருமழை பெய்து, பாடசாலைக்கு மேலேயிருந்த முதிய இறப்பர் மரமொன்று முறிந்து வீழ்ந்தது. மறுநாட் காலை, ஏழாம் வகுப்பிற் படித்த சிறுமி ஒருத்தி தன் மழைத்துணியின் மூலையில் எதையோ பொதிந்துகொண்டு வந்து என் மேசைமேல் வைத்தாள். தென்னந்தும்பும் பஞ்சும் கலந்த கூட்டின் ஒரு துண்டு; அதனுள்ளே கண் திறவாத அணிற்குஞ்சு ஒன்று. மற்றவை செத்துவிட்டன என்றாள். “இத மட்டும் சாகாம பாத்துக்குவீங்களா சார்?” என்று கேட்டாள். வகுப்பில் வாய் திறவாத பிள்ளை அவள். அவ்வாண்டில் அவள் தானாக என்னிடம் கேட்ட முதற்கேள்வி அதுவே. இல்லையென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அணிற்குஞ்சு என்று எழுதிவிட்டேன். பண்டிதர்கள் பொறுப்பாராக. அணில் முதுகின் மூன்று வரியைக் குறித்து, அதன் இளமைப் பெயர் குட்டி என்று தொல்காப்பியர் மரபியலிலே வகுத்திருக்கின்றார். அச்சிறுமி மரபியலைக் கண்டவளல்லள். ஆயினும் முதல் நாளிலிருந்தே அதனைக் ‘குட்டி’ என்றுதான் அழைத்தாள். அதுவே அதற்குப் பெயராயிற்று.

தோட்டத்து மருந்துச்சாலையில் ஊசியில்லாத சிறிய மருந்துக் குழாயொன்றை வாங்கி, லயத்தில் ஆடு வளர்ப்போர் ஒருவரிடம் பால் பெற்று, துளித்துளியாக ஊட்டினோம். பசுப்பால் இத்தகைய சிற்றுயிர்களுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும் என்று எங்கோ படித்த நினைவு எனக்கிருந்தது. மல்லாக்கக் கிடத்தி ஊட்டினால் பால் சுவாசப்பைக்குட் சென்று கொன்றுவிடும். ஆதலின் குப்புற இருக்கும் நிலையில் நிறுத்தியே ஊட்டவேண்டும். ஊட்டியபின் வெந்நீரில் நனைத்த பஞ்சினால் அடிவயிற்றின் கீழே மெல்லத் துடைத்தாலன்றிச் சிறுநீர் கழியாது. தாயணில் நாவினாற் செய்யும் பணி அது. இரவில் இருமுறை எழுந்து இதனைச் செய்தேன். “எங்கடை பிள்ளையளுக்கு ஒருநாளும் இப்பிடி எழும்பினனீங்களோ?” என்று என் மனைவி கேட்டாள். விடை சொல்லவியலாத கேள்வி.

கண் திறந்தது, மயிர் அடர்ந்தது, வாலும் பூத்தது. இங்குதான் என் பிழை தொடங்குகின்றது. அணிலுக்கு எது விருப்பமோ அதுவே அதற்கு நல்லதென்று கொண்டேன். நிலக்கடலையை அது இரு கைகளாலும் பற்றி உருட்டி உருட்டித் தின்னும் அழகைப் பார்க்கும் ஆசையால் நாடோறும் நிலக்கடலையே கொடுத்தேன். இடையிடையே பிஸ்கற்றுத் துண்டும் சோற்றுப் பருக்கையும். பருந்துக்கும் பூனைக்கும் அஞ்சி, கூட்டை வெளியே வையாமல், விடுதியின் முன்னறையில் கண்ணாடி யன்னலோரம் வைத்தேன். வெயில் கண்ணாடியினூடே கூட்டின்மேல் விழுந்தது. வேண்டியதெல்லாம் செய்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன்.

2017 ஆம் ஆண்டு சனவரியில், பொங்கல் விடுமுறை கழிந்து நாங்கள் ஊரிலிருந்து திரும்பிய கிழமையில், ஒருநாட் காலை கூட்டைத் திறந்தேன். குட்டி முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு வந்தது. பின்னங்கால்கள் இரண்டும் ஈரத்துணிபோற் பின்னே இழுபட்டன. முன்னாள் மாலை, கறுப்பும் வெள்ளையுமான பூனையொன்று அக்கூட்டின்மேல் அமர்ந்திருந்ததை நான் கண்டு துரத்தியிருந்தேன். பூனை கூட்டை உலுக்கியிருக்கும்; அணில் விழுந்து முதுகு முறிந்திருக்கும்; வேறென்ன? உடம்பில் ஒரு கீறலும் இல்லை என்பதையும், கூடு இருந்த இடத்தினின்று அசையவில்லை என்பதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. பாடசாலைக்கு வந்த சிறுமியிடம், “அந்தப் பூனைதான் இதைச் செய்தது” என்று சினத்தோடு சொன்னேன்.

அந்தப் பூனை அவளுடைய அப்பாயி வளர்த்த பூனை. எனக்கு அது தெரியாது. அவளோ ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள். அன்றிரவே அவள் தகப்பன் பூனையைச் சாக்கில் இட்டு, புத்தளை வீதியிலே நெடுந்தூரம் கொண்டுபோய் விட்டுவிட்டான்.

இரு நாள் கழித்து, அணிலைத் துணிபோட்ட பெட்டியில் வைத்துக்கொண்டு அரசாங்கக் கால்நடை வைத்தியரிடம் சென்றேன். சிங்களவர், ஓரளவு தமிழ் பேசுவார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து பெற வந்திருந்தோர் நடுவே அணிலோடு நின்ற என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. பின்னங்கால் விரலொன்றை நுனிவிரலாற் கிள்ளினார். கால் சற்றே உள்ளிழுத்தது. “நரம்பு அறவில்லை” என்றார். பின்னர் அவர் கேட்டவை இரண்டே: என்ன தின்னக் கொடுக்கின்றீர்? வெயில் படுகின்றதா? சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இது பூனையின் வேலையன்று, உணவின் வேலை என்றார்.

அவர் விளக்கியதை இங்கே தருவது, அணில் வளர்ப்போர் யாரேனும் இம்மலரைப் படிக்கக்கூடும் என்பதனாலே. எலும்புக்குக் கல்சியம் வேண்டும். நிலக்கடலையில் கல்சியத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு பொசுபரசு உண்டு. இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தால், இரத்தத்துக்கு வேண்டிய கல்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உண்ட கல்சியத்தையும் குடல் ஏற்பதற்கு விற்றமின் டி வேண்டும். அது வெயிலிலுள்ள புறவூதாக் கதிர் தோலிற் படும்பொழுது உண்டாவது. யன்னற் கண்ணாடி வெளிச்சத்தை விடும், அக்கதிரை விடாது. எனவே என் அணில் ஒளியிலே இருந்தும் வெயிலைக் காணாத உயிர். எலும்பு மென்மையாகி, வளைந்து, கால்கள் சோர்ந்துவிட்டன. இங்கிலாந்தின் புகை சூழ்ந்த நகரங்களிற் குழந்தைகளுக்கு வந்த கணைநோயும் இதற்கு உறவே. 1919 ஆம் ஆண்டளவில் எட்வர்ட் மெலன்பி என்னும் அறிஞர், வீட்டினுள்ளே அடைத்து வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு அந்நோயை உணவினால் வரச்செய்து, மீனெண்ணெயால் மாற்றியும் காட்டினார் என்பதைப் பின்னர்ப் படித்தேன். நம் கல்லூரியில் விலங்கியல் கற்றவன் நான். கற்றது பரீட்சைத் தாளோடு போயிற்று.

மாலையில் லயத்துக்கு நடந்தேன். அந்த நடை நீண்டது. அப்பாயி வாசலில் அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சிறுமி அருகே நின்றாள். பூனை குற்றமற்றது, பிழை என்னுடையது என்பதைச் சுற்றி வளையாமற் சொன்னேன். முதியவள் முறத்தைக் கீழே வைத்தார். “படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டோம் சார்,” என்றார். அவ்வளவே. வைதிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். சிறுமி என்னைப் பார்க்கவில்லை, நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தகப்பனோடு இரு மாலைகள் புத்தளை வீதியில் அப்பூனையைத் தேடினேன். தேநீர்க் கடைகளில் விசாரித்தோம். கறுப்பும் வெள்ளையுமான பூனைகள் அவ்வீதியிற் பல இருந்தன, அது இல்லை. லயத்து எலிகள் அம்மாதத்தில் அவர்களுடைய மாச்சாக்கைக் கிழித்தன என்றும் அறிந்தேன்.

குட்டியின் மருத்துவம் தொடங்கிற்று. நிலக்கடலை அறவே நின்றது. வைத்தியர் அளந்து தந்த கல்சியப் பாகு, முருங்கைக் கீரை, பழத்துண்டு. ஊரிலிருந்து என் மைத்துனர் கணவாய் ஓடு ஒரு பொட்டலம் அனுப்பினார். கடற்கரையிற் காலிற் படும் அவ்வோட்டை நாம் எறிந்துவிடுவோம். அதுவோ பெரும்பாலும் கல்சியம். குட்டி அதனைச் சுரண்டித் தின்றதோடு, ஓயாது வளரும் முன்பற்களையும் அதில் தேய்த்துக்கொண்டது. காலை ஏழு மணிக்குக் கூட்டைத் திறந்த வெளியில் வைப்போம். பாதிக்கு நிழல் இருக்கும்படி ஓலையொன்று சாத்தி, யாரேனும் ஒருவர் காவல் இருப்போம். ஏறி விழாதபடி கூட்டினுள் இருந்த கொம்புகளை அகற்றி, தரையெங்கும் மெல்லிய துணி விரித்தோம். சிறுநீர் தானாக முற்றும் கழியவில்லை. நாளுக்கு மூன்றுமுறை அடிவயிற்றை இருவிரலால் மெல்ல அமுக்கிக் கழிக்கவேண்டும். அமுக்கம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. பின் வெந்நீராற் கழுவி ஈரம் உலர்த்தவேண்டும். தவறினால் தோல் வெந்து புண்ணாகும். ஒருமுறை ஆயிற்று, ஆற இருபது நாள் சென்றது.

மூன்றாம் நாள் சிறுமி தானாகவே வந்தாள். என் விரல்கள் தடித்தவை. அவளுடையவை அப்பணிக்கென்றே படைக்கப்பட்டவை போன்றிருந்தன. அதன்பின் காலையும் பாடசாலை விட்டபின்னும் அவளே செய்தாள். கொப்பியொன்றைக் கொடுத்து, தின்றது, கழித்தது, வெயிலில் இருந்த நேரம் ஆகியவற்றை எழுதச் சொன்னேன். முதலில் எண்களே இருந்தன. சில கிழமைகளில் வாக்கியங்கள் வந்தன. “இன்று வலது காலை மடக்கியது. சாரைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் நீட்டிவிட்டது” என்று ஒரு நாட் குறிப்பு. கட்டுரை எழுதென்றால் இரண்டு வரியோடு நிறுத்தும் பிள்ளையின் எழுத்து அது.

ஏப்ரில் மாதத்தில் வலது பின்னங்கால் தரையை உதைக்கத் தொடங்கியது. இடது கால் இறுதிவரை திரும்பவில்லை. மூன்று காலால் சாய்ந்து சாய்ந்து ஓடும். வாலை ஒருபுறம் வீசித் தன்னை நிமிர்த்திக்கொள்ளும். மரமேற அதனாற் கூடவில்லை. காலை வெயிலில் இருக்கும்பொழுது பக்கத்து மாமரத்தில் மற்ற அணில்கள் கீச்சிட, இதுவும் வால் துடிக்க விடைகொடுக்கும். அணிலை ஏறவிட்ட நாய் என்று பழமொழி சொல்வோம். ஏறமாட்டாத அணிலை வைத்துக்கொண்டு கீழே நின்றவன் நான்.

காட்டுயிரைக் கூட்டிலே வைத்திருப்பது முறையோ என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். முறையன்று. நலமாயிருந்திருந்தால் அதனை அவ்வாண்டிலேயே விட்டிருக்கவேண்டும். அவ்வாறே சிறுமிக்கும் நான் வாக்களித்திருந்தேன். இன்னொருவர், துன்புறும் உயிரை முடித்துவிடுவதே இரக்கம் என்றார். அதனை நானும் வைத்தியரிடம் கேட்டதுண்டு. தின்னுகின்றதா, வெயிலில் வால் ஆட்டுகின்றதா என்று திருப்பிக் கேட்டார். ஆம் என்றேன். அப்படியாயின் ஏன் என்னிடம் கேட்கின்றீர் என்றார்.

இராமன் தடவியதால் அணிலின் முதுகில் வரி விழுந்ததென்னும் கதையை அப்பாயி ஒருநாள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டே சொன்னார். அணையிடுகையில் அணில்கள் மணலிற் புரண்டு தொண்டு செய்ததைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையிலே பாடியிருக்கின்றார். வான்மீகியில் அது இல்லை. இதனை நான் விரித்துரைத்தபொழுது அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப எங்க ராமருக்குத்தான் தெரிஞ்சிருக்கு” என்றார். அன்று எனக்கும் தேநீர் வந்தது. பூனைக்குட்டியொன்றை நான் கொண்டுபோய்க் கொடுத்ததையும் அதற்கு முந்திய மாதத்தில் அவர் வேண்டாமென்னாமல் வாங்கியிருந்தார். ஆனால் அதற்கு அவர் பெயரிடவில்லை. ‘சாரு பூனை’ என்றே அழைத்தார்.

குட்டி 2019 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் வரை இருந்தது. கதிர்காமத் திருவிழா முடிந்து யாத்திரிகர் பேருந்துகள் ஓய்ந்த கிழமை. சிறுமி அப்பொழுது பத்தாம் வகுப்பு. பாடசாலைக்குப் பின்னே, பழைய இறப்பர் மரத்தின் அடிக்கட்டை யருகே அவளும் தகப்பனும் குழி தோண்டினர். அடுத்த ஆண்டு எனக்கு ஊருக்கு மாற்றம் வந்தது. கொப்பியை அவளே வைத்துக்கொள்ளட்டுமென்று நீட்டினேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அது இப்பொழுது என் மேசையில் இருக்கின்றது. கடைசிப் பக்கத்தில் அவள் எழுத்து: “காலை 7.10. வெயிலில் வைத்தோம். கணவாய் ஓடு தின்னவில்லை. கை விரலைப் பிடித்துக்கொண்டது.”