மூட்டையும் பொட்டலமும்

விலைவாசியைப் பற்றிப் பேசாத இல்லம் இன்று எங்கள் பங்கில் இல்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும் சில நிமிடங்களில் என் காதில் விழும் பேச்சில் பாதி, பருப்பையும் எண்ணெயையும் எரிவாயு உருளையையும் பற்றியது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, நமக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயின் பெரும்பகுதி அந்நாட்டிலிருந்தே வந்தது என்பதை ஆவடி இல்லத்தரசிகள் நூல்களைப் படித்து அறியவில்லை. கடையில் விலை கேட்டே அறிந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்தே மீண்டும் திறந்தது. எங்கோ ஒரு துறைமுகம் மூடினால் இங்கே அப்பளம் பொரிப்பது குறைகிறது.

இத்தகைய நாட்களில் எல்லாரும் எல்லாருக்கும் கூறும் அறிவுரை ஒன்றே: செலவைச் சுருக்குங்கள், விலை ஏறுமுன் வாங்கி வையுங்கள். நல்ல அறிவுரைதான். அதை எவ்வளவு நேர்த்தியாகச் செயல்படுத்தலாம் என்பதை, 2024 பொங்கலுக்குப் பின் எங்கள் அன்பியப் பெண்கள் கூடியிருந்த ஒரு மாலையில் மூத்த தாய் ஒருவர் எடுத்துரைத்தார். இவ்வட்டாரத்தில் டாங்க் பேக்டரி என்று அழைக்கப்படும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரின் மனைவி. நாற்பது ஆண்டுகளாக முதல் தேதியில் சம்பளம் வந்த வீடு.

அவர் கூறியவற்றை நான் குறித்துக்கொண்டேன். புளி மாசி, பங்குனியில் புதிதாக வரும். அப்போதே ஓராண்டுக்கு வாங்க வேண்டும். கொட்டையும் நாரும் நீக்கி, வெயிலில் காய வைத்து, கல் உப்பை இடையிடையே தூவி மண்பானையிலோ ஜாடியிலோ அடக்கினால் நிறம் கறுக்குமே தவிரக் கெடாது. மிளகாய் வற்றலும் அதே பருவம். காம்பைக் கிள்ளாமல் காய வைத்தால் நாள்படும். துவரம் பருப்பைத் தை, மாசியில் வாங்கி, நன்றாக வெயில் காட்டி, சூடு ஆறிய பிறகே தகர டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அரிசியில் காய்ந்த வேப்பிலையோ நான்கைந்து வற்றல் மிளகாயோ போதும். நஞ்சுக் காற்றை வெளியிடும் பூச்சி மாத்திரையை வீட்டு வாசற்படி ஏற விடக்கூடாது. எண்ணெயையும் ரவையையும் மைதாவையும் மட்டும் சேர்த்து வைக்காதீர்கள். ஒன்று காறும், மற்றவை புழுக்கும். விற்பவன் அவசரப்படுத்தும் பொருளை ஒருநாள் தள்ளி வாங்குங்கள் என்றும் சொன்னார். இதைக் கேட்டபோது, குருமடத்தில் எங்களுக்கு அறநெறி இறையியல் கற்பித்த பேராசிரியர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லையே என்று எண்ணிக்கொண்டேன்.

அவர் முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பொருள்களைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில் ஒப்பந்தக் கூலி. "அக்கா, நீங்க சொல்றதெல்லாம் சரிதான். சனிக்கிழமை கூலி வந்தா திங்கட்கிழமை முடிஞ்சிடுது. ஒரு வருஷத்துப் புளிக்கு ஒரே நாள்ல காசு எடுக்கிற நாள் எங்க வீட்டுக்கு எப்ப வரும்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அந்த நாள் எது என்று தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார். பெரியம்மாவிடம் விடை இல்லை. கூட்டம் வேறு பேச்சுக்கு நகர்ந்தது.

எனக்கு அக்கேள்வி நகரவில்லை. இப்பகுதியின் வாழ்வே இவ்விரு வகை வீடுகளால் ஆனது. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை 1949-இல் வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பட்டது. தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. நிலையான வேலையில் சேர்ந்தவர்கள் சிறு வீடு கட்டி, முற்றத்தில் முருங்கை நட்டு, மாத முதல் வாரத்தில் மளிகை வாங்கும் ஒழுங்கில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் தலைமுறையில் அதே தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை மிகுந்தது. மாதம் என்பது வாரமாகியது, சிலருக்கு நாளாகியது. மூட்டை வாங்கிய தெருவிலேயே பொட்டலம் வாங்குவோரும் வாழ்கின்றனர்.

பொட்டலத்தின் விலை மூட்டையின் விலையல்ல. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை உறையிட்டு முத்திரை பதித்து விற்கப்பட்ட அரிசிக்கு 5 விழுக்காடு சரக்கு, சேவை வரி விதிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட எடைக்கு வரி இல்லை. சில நாட்களிலேயே நம் கடைகளில் 26 கிலோ மூட்டைகள் தோன்றின! ஆலைக்காரரின் கணக்கை நான் குறை கூறவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: 26 கிலோவுக்கு ஒரே நாளில் பணம் எடுக்க முடிந்தவர் வரியிலிருந்து தப்பினார், 5 கிலோ பை வாங்கியவர் வரி செலுத்தினார்.

எப்போதும் பெரியது மலிவு என்றும் நினைத்துவிட வேண்டாம். ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து எளியவர்க்கும் எட்டச் செய்தது நம் கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிய முயற்சி. இன்றும் பல கடைகளில், பாட்டிலைவிட அந்தச் சிறு பாக்கெட்டுகளே அளவுக்கு அளவு மலிவு. மறுபுறம், ஐந்து ரூபாய் பிஸ்கெட் பாக்கெட்டின் விலை மாறாமல் எடை மட்டும் ஆண்டுக்காண்டு மெலிந்துவந்தது. உறைப்பொருள்களில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்ற விதி உள்ளது. எழுத்து மிகச் சிறியது. கண்ணாடி போட்டாவது படித்துவிடுங்கள்.

நியாயவிலைக் கடை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் கொடிதாக இருந்திருக்கும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. 2007-இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தால் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆயினும் 2024 மே மாதத்தில் அவ்விரண்டும் கடைக்கு வந்துசேரத் தாமதமாகி, மே மாதப் பங்கை ஜூனில் பெறலாம் என்று அரசு அறிவித்தது. மேல் அலமாரியில் டப்பா நிறைந்திருந்த வீட்டுக்கு அது ஒரு செய்தி. அலமாரியே இல்லாத வீட்டுக்கு அது ஒரு மாதம்.

சேமித்து வைப்பதைப் பற்றி விவிலியம் ஒரே குரலில் பேசவில்லை என்பது என் கருத்து. பாலைநிலத்தில் மறுநாளுக்கென்று எடுத்து வைத்த மன்னா புழுத்து நாறிற்று. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வன் அன்றிரவே உயிர் துறந்தான். ஆனால் யோசேப்போ வளமான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்து எகிப்தைக் காத்தார். நாம் மறையுரைகளில் இங்கே நிறுத்திக்கொள்வது வழக்கம். தொடக்கநூலின் 47-ஆம் அதிகாரம் நிறுத்தவில்லை. பஞ்சம் நீண்டபோது மக்கள் அக்களஞ்சியத்தின் தானியத்திற்காக முதலில் பணத்தையும், பின்பு கால்நடைகளையும், இறுதியில் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்றார்கள். தானியம் நிறைந்திருந்தது, சாவி ஒருவரிடம் இருந்தது. அதே அதிகாரத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு: பார்வோன் தந்த படியை உண்டு வாழ்ந்த குருக்களின் நிலம் மட்டும் விற்கப்படவில்லை. மாதப் படி பெறும் குருவாகிய நான் அவ்வரியை விரைவாகக் கடந்து செல்ல முடிவதில்லை.

சாவி யாரிடம் என்பது பழைய கேள்வி. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர், வாரந்தோறும் சில பென்னிகளாகச் சேர்த்து ஆளுக்கு ஒரு பவுண்டு முதலிட்டு, வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் என்ற சில பொருள்களோடு ஒரு கடை திறந்தார்கள். நம் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இலேயே பிறந்தது. கேரளத்தில் புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைக்கச் செய்து ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்க வழி கண்டார். பதுக்கலைத் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்த இன்றியமையாப் பண்டங்கள் சட்டம் 1955-இல் வந்தது; அதே ஆண்டு சனவரியில்தான் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோசலிசப் பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. சட்டம் வணிகரின் கிடங்கைக் கேள்வி கேட்கும். கிடங்கே இல்லாதவருக்கு ஒரு கிடங்கு தராது.

கேள்வி கேட்ட பெண்ணும் பெரியம்மாவும் சேர்ந்தே வழி கண்டார்கள். பள்ளிக் கட்டணச் சுமை ஓய்ந்த ஜூலையில், 20 வீடுகள் வாரம் 50 ரூபாய் போடத் தொடங்கின. சனிக்கிழமை மாலையிலேயே பணம் பெறப்பட்டது. ஞாயிறு வரை விட்டால் இருக்காது என்று அப்பெண் கூறினார். இரண்டு வீடுகள் மருத்துவச் செலவால் நடுவில் நின்றன; போட்ட பணம் அப்படியே திருப்பித் தரப்பட்டது. 34 வாரங்களில் எஞ்சிய 18 வீடுகளின் பணம் 30,600 ரூபாய். 2025 மார்ச்சில் நால்வர் பாரிமுனைக்குச் சென்று கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் புளியும் மிளகாயும் பருப்பும் வாங்கி வந்தார்கள்.

வாங்கியதை எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் ஞானம் சோதிக்கப்பட்டது. ஒற்றை அறையில் ஐவர் வாழும் வீட்டில் பானைக்கு இடமேது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தொழிற்பேட்டையும் பட்டரவாக்கமும் நீரில் மூழ்கியதைக் கண்டவர்கள் நாங்கள். தரைத்தளத்தில் சேமித்தவர் சேமித்ததையும் இழந்தார். எனவே மறைக்கல்வி வகுப்பு நடக்கும் மாடி அறையின் ஒரு மூலை கிடங்காயிற்று. இரண்டு பூட்டுகள், இரண்டு சாவிகள், பெரியம்மாவிடம் ஒன்று, அந்தக் கூலிப் பெண்ணிடம் ஒன்று. என்னிடம் ஒன்று இருக்கட்டும் என்று சிலர் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை எடைபோட்டுப் பகிர்வார்கள். புளியின் நெடியில் பிள்ளைகள் மறைக்கல்வி பயின்றார்கள்.

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். 2024-இல் ஏறியிருந்த துவரம் பருப்பின் விலை 2025-இல் இறங்கிக்கொண்டே வந்தது. "கடையிலேயே வாங்கியிருக்கலாம்" என்ற முணுமுணுப்பு எழுந்தது. ஒரு வீடு கணக்கை முடித்துக்கொண்டது. மிளகாயில் கிடைத்த ஆதாயமோ வேறுவிதமாக உறுத்தியது. அந்தப் பருவத்தில் குண்டூர் சந்தையில் விலை வீழ்ந்து, ஆந்திர விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். மத்திய அரசு தலையிட்டு ஈடுசெய்யும் திட்டம் ஒன்றை அறிவிக்க நேர்ந்தது. எங்கள் மலிவு அவர்களுடைய கண்ணீர் என்று நான் கூறியபோது, "ஏறினாலும் எங்க தலையில, இறங்கினாலும் அவங்க தலையிலயா ஃபாதர்?" என்று ஒருவர் கேட்டார். நான் விடை கூறவில்லை.

ஆயினும் பருப்பில் இழந்ததாகக் கூறப்பட்ட அதே வீடுகளில் ஒன்றைப் பற்றி அதன் தலைவி சொன்னதை இங்கே பதிவு செய்ய வேண்டும். கணவருக்கு ஒப்பந்தம் முடிந்து ஐந்து வாரங்கள் வேலையில்லை. அந்த ஐந்து வாரங்களும் அண்ணாச்சி கடை நோட்டில் பருப்பு, புளி, மிளகாய் என்ற மூன்றும் ஏறவில்லை. "கடன் கேக்கப் போகாத மாசம், ஃபாதர்" என்றார். விலைப்பட்டியலில் அதற்கு ஒரு வரி இல்லை.

இவ்வாண்டுச் சுற்றில் 23 வீடுகள் சேர்ந்துள்ளன. இன்னும் முடிவாகாத ஒன்று உண்டு. கோவிலுக்குப் பின்புறத் தெருவில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் ஒடிசாத் தொழிலாளர் ஆறு பேர், தாங்களும் 50 ரூபாய் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் இங்கே 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்ததால் அரிசியும் கோதுமையும் அவர்களுக்குக் கிடைக்கக்கூடும். பருப்பும் எண்ணெயும் அப்படியல்ல. பகிரும் மாதத்திற்கு முன்பே அவர்கள் ஊர் போய்விட்டால் என்ன செய்வது என்று சிலர் அஞ்சுகிறார்கள். நின்றுபோன இரு வீடுகளுக்குத் திருப்பித் தந்ததுபோல் தந்தால் போயிற்று என்கிறார் பெரியம்மா. வரும் சனிக்கிழமை பேசவிருக்கிறார்கள். அந்த ஆறு பேருக்கும் ஆண்டுப் புளி வேண்டாமாம். கடுகெண்ணெய் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். சௌகார்பேட்டையில் என்ன விலை என்று விசாரித்துவர இரண்டு பேர் புறப்பட்டிருக்கிறார்கள்.