சுடுபவனின் தோள்

போர்க்காலத்தில் செய்தி எழுதத் தொடங்கியவன் நான். சன்னம் யார் மீது தைத்தது என்பதையே அப்போது எழுதினோம். அது புறப்பட்ட இடத்தில், சுட்டவனின் தோளில் என்ன நிகழ்கிறது என்று நாம் கேட்டதில்லை. யானைக்கும் காட்டெருமைக்கும் என உருவாக்கப்பட்ட றைபிள்களின் வரலாற்றை வாசித்தபோதுதான் அந்தப் பக்கம் கவனம் திரும்பியது.

அமெரிக்காவிலும் தென்னாபிரிக்காவிலும் வேட்டைக்காரர் பலர் சுட்டு முடிந்த வெற்றுக் கோதில் மருந்தும் சன்னமும் தாமே இட்டு மீண்டும் ரவையாக்கிக்கொள்வர். அங்கேதான் ஆசை பிறக்கிறது: இன்னும் சற்று மருந்து, இன்னும் சற்று வேகம்.

ஆனால் இயற்கை கணக்குத் தீர்க்காமல் விடுவதில்லை. சன்னமும் வாயுவும் முன்னே கொண்டுசெல்லும் உந்தத்துக்குச் சமமான உந்தம் பின்னே தோளுக்கு வரும். அதே றைபிளில் வேகத்தை 10 வீதம் கூட்டினால் பின்னுதைப்பின் சக்தி ஏறக்குறைய 20 வீதம் கூடும். குழலினுள் அமுக்கமோ அதைவிட விரைந்து ஏறும். எல்லையை அண்மித்தபின் மருந்தைக் கூட்டினால் வேகம் சிறிதே கூடும். அமுக்கம் பாய்ந்து உயரும். கோது இறுகிச் சிக்கிக்கொள்ளும். பாய்ந்துவரும் எருமையின் முன்னே, அடுத்த ரவையை ஏற்ற முடியாத துவக்கு வெறும் தடிதான்.

வெப்ப நாடுகளில் மருந்தும் சூடேறி அமுக்கத்தைக் கூட்டும். 1911இல் றிக்பி நிறுவனம் தனது .416 ரவைக்குப் பெரிய கோதை அமைத்து அமுக்கத்தைத் தாழ்வாக வைத்திருந்தது இதனாலேயே. 1956இல் வந்த .458 வின்செஸ்ரர் மக்னம், 500 கிறெய்ன் சன்னத்துக்குச் செக்கனுக்கு 2150 அடி வேகம் என்றது. கோது குட்டையானது, மருந்தை நெருக்கி அடைக்க வேண்டியிருந்தது. நடைமுறையில் வேகம் பலவேளை குறைந்தது. மொசாம்பிக்கில் எருமையால் காயமுற்ற ஜக் லொற், பின்னர் நீண்ட கோதுடைய .458 லொற் ரவையை உருவாக்கினார்.

மறுபுறம், ஸ்கொட்லாந்துக்காரரான பெல் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றுள் பெரும்பாலானவற்றை மென்மையாக உதைக்கும் சிறிய .275 றைபிளால் வீழ்த்தினார். மண்டையோட்டை அறுத்து மூளையின் இடத்தை அறிந்துவைத்திருந்தார். உதைக்கு அஞ்சாத கை குறி தவறுவதில்லை.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கரின் பெருந்துவக்கு 21 இறாத்தல் நிறையுடையது. நிறை கூடினால் உதை குறையும் என்பது அன்றே தெரிந்திருந்தது. மேஜர் றொஜேர்ஸ் 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார்.

அவர்களின் அளந்த மருந்துக்கும், இன்று நம் கிராமத்தான் கைமதிப்பில் இடியன் துவக்கில் இடும் மருந்துக்கும் இடையே தூரம் பெரிது. குழல் வெடித்தால் அவன் கண் போகும். குறி தவறினால் காயமுற்ற யானை நாட்கணக்காய்க் காட்டில் அலைந்து சாகும். பயிரை இழந்த அவனைக் குற்றம் சொல்லி முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: கொல்லும் விசையைக் கூட்டுகிறவன், அதன் ஒரு பங்கைத் தன்மேலும் ஏற்றுக்கொள்கிறான்.