வசிப்பவர் என்னும் சொல்

பென்சில்வேனியாவில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருந்த தமிழ் மாணவர் ஒருவருடைய நெறியாளர், கலிபோர்னியாவில் வேறொரு பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். நெறியாளருடன் ஆய்வகமும், ஆய்வகத்துடன் மாணவரும் ஆகஸ்ட் மாதத்தில் இடம்பெயர்ந்தனர். மறு ஆண்டு ஏப்ரல் 15-க்குள் வரிப் படிவங்களை நிரப்ப அமர்ந்தபோதுதான், அந்த இடமாற்றம் இன்னும் முடியவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

இந்தியாவில் ஊதியத்தின் மீதான வருமான வரி ஒன்றிய அரசுக்கு உரியது. ஆண்டின் நடுவே ஹைதராபாதிலிருந்து டெல்லிக்குப் பெயர்ந்தாலும் வருமான வரிக் கணக்கு ஒன்றுதான். மாநிலங்கள் சில விதிக்கும் தொழில் வரிக்கும் ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அரசமைப்பின் 276-ஆம் உறுப்பு வரம்பு கட்டியிருக்கிறது. அமெரிக்காவிலோ பெரும்பாலான மாநிலங்கள் தத்தமக்கெனத் தனி வருமான வரி வசூலிக்கின்றன. ஆகவே அவர்முன் மூன்று கணக்குகள் இருந்தன: நாட்டுக்கு ஒன்று, மாநிலங்களுக்கு இரண்டு.

பென்சில்வேனியாவின் விகிதம் எல்லோருக்கும் ஒன்றே, 3.07 விழுக்காடு. கலிபோர்னியாவில் வருமானம் உயர உயர விகிதமும் உயரும். அம்மாநிலத்தின் 540என்ஆர் படிவம் ஆண்டு முழுவதற்குமான வருமானத்தைக் கேட்டது. ஒரே ஊதியத்துக்கு இருமுறை வரியோ என்று அஞ்சினார். முழு வருமானம் விகிதத்தை அறிவதற்கே. அந்த விகிதம் கலிபோர்னியாவுக்கு உரிய பங்கின்மீது மட்டுமே விதிக்கப்படும் என்று ஆய்வகத்தின் மூத்த மாணவர் விளக்கியதும் அந்த அச்சம் நீங்கியது.

நீங்காதது ஒரு சொல். மாணவர் விசாவில் வந்தவரை முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு அமெரிக்க வருமான வரிச் சட்டம் பொதுவாக ‘வசிக்காத அயலார்’ என்றே கொள்கிறது. அவ்வாண்டு ஒருநாளும் ஊர் திரும்பாததால் இந்திய வரிச் சட்டத்துக்கும் அவர் ‘வசிக்காதவர்’. ஆனால் இரு மாநிலப் படிவங்களிலும் அவர் குறிக்க வேண்டியிருந்தது ‘ஆண்டின் ஒரு பகுதியில் வசித்தவர்’ என்னும் கட்டத்தை. இரு நாடுகளிலும் வசிக்காத ஒருவர், இரு மாநிலங்களில் வசித்திருந்தார்!

படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவேன் என்று தூதரகச் சாளரத்தின் முன் நின்று சொல்லித்தான் அவர் விசா பெற்றிருந்தார். இப்போது ‘வசித்தவர்’ என்று கையொப்பமிட்டால், முன்பு சொன்னது பொய்யாகிவிடுமோ? படிவம் சில நாட்கள் மேசையிலேயே கிடந்தது.

பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் இருந்த அம்மையார் பொறுமையாகச் சொன்னார்: வரிச் சட்டத்தின் ‘வசிப்பு’ வேறு, குடிவரவுச் சட்டத்தின் ‘வசிப்பு’ வேறு, வரிப் படிவத்தில் இடும் குறி விசா நிலையை மாற்றாது. நாட்டுக் கணக்கில் பெறும் நிலை மாநிலக் கணக்கின் நிலையைத் தீர்மானிப்பதும் இல்லை. ஒரு சொல்லின் பொருளை அகராதியில் தேடுவதைவிட, அதை ஆளும் சட்டத்தின் வரையறைப் பிரிவில் தேடுவதே முறை.

அன்றிரவு அவர் கையொப்பமிட்டார். இடம்பெயர்ந்த நாளைக் கேட்ட கட்டத்தில், பழைய அறையின் சாவியை ஒப்படைத்த தேதியை எழுதினார்.

நெறியாளருடன் பல்கலைக்கழகம் மாற நேரும் மாணவர்கள், இரு நிறுவனங்களின் டபிள்யூ-2 படிவங்களோடு, சாவி ஒப்படைத்த சீட்டையும் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.