மலைப்பாதையில் என் முதற் காரோட்டம்

காரோட்டத் தெரியுமா என்று எவரேனும் கேட்டால், தெரியும் என்று தயங்காமற் கூறும் இயல்பினனாகவே 2018ஆம் ஆண்டுவரை நான் இருந்தேன். மேடு பள்ளமற்ற யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓட்டப் பழகி, பின்னர் பேராதனையிற் கற்ற காலத்தில் கண்டிச் சாலைகளின் நெருக்கடியிலும் ஓரளவு கைதேர்ந்தவனுக்கு அத்தகைய எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. அவ்வாண்டில் ஒரு சனிக்கிழமையும் அதனை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் கழிந்தன. அவ்விரு நாட்களைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். போட்டியை நடத்தியது ஒரு சிறிய கழகம். அதன் பெயர் இங்கு வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை என்னுடையதேயன்றி அவர்களுடையதன்று.

மலையேற்றக் காரோட்டம் என்பது பலரும் எண்ணுவதுபோலக் கார்கள் ஒன்றையொன்று முந்திச் செல்லும் போட்டியன்று. ஒரு நேரத்தில் ஒரு காரே பாதையில் இருக்கும். அடிவாரத்திலுள்ள ஒளிக்கதிரை வெட்டியவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கும். உச்சியிலுள்ள கதிரை வெட்டியதும் நின்றுவிடும். அவ்வளவுதான். இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வோல்ஷ் என்னுமிடத்தில் 1905இல் வகுக்கப்பட்டு இப்போது 914 மீற்றர் நீளமுள்ள பாதையில் இன்றும் இவ்வாறே ஓடுகின்றனர். நம் நாட்டில் மகாகஸ்தொட்டைத் தோட்டப் பாதையில் 1934இல் இவ்வகைப் போட்டி தொடங்கிற்று. 1955இல் பிரான்சின் லெ மான் நகரில் ஒரு கார் மக்கள் கூட்டத்துட் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின்னர், சுவிற்சர்லாந்து வட்டப் பாதைப் போட்டிகளைச் சட்டத்தினால் தடைசெய்தது. ஆனால் மலையேற்றப் போட்டிகளை அது விட்டுவைத்தது. இத்தகவலை என் தாயாரிடம் மிகுந்த நம்பிக்கையுடன் எடுத்துரைத்தேன். அம்மா சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப அந்தச் சனங்கள் எங்க நிண்டவை?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியை அன்று நான் பொருட்படுத்தவில்லை.

காரைத் தந்தவர் கம்பளையிற் கராஜ் வைத்திருந்த ஓர் அண்ணன். தோட்டத்திற் பிறந்து, பன்னிரண்டாம் வயதிலேயே லொறிகளுக்கு அடியிற் படுத்துத் தொழில் கற்றவர். 997 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பூட்டிய, தொண்ணூறுகளில் வந்த நிசான் மார்ச் ஒன்றை அவர் பிள்ளைபோற் பேணி வந்தார். அதன் வலு ஏறத்தாழ 60 குதிரை. அதுவும் கடல்மட்டக் கணக்கு. நுவரெலியா நகர் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றின் அமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். இயந்திரம் உண்பது பெற்றோலை மட்டுமன்று, காற்றையும் அன்றோ! ஆகவே 60 குதிரைகளுள் பத்துப் பன்னிரண்டு றம்பொடைக்கு மேலே ஏறும்போதே நின்றுவிடுகின்றன என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

சனிக்கிழமை விடியுமுன் புசல்லாவை, றம்பொடை வழியாக மேலேறினோம். முதற் காரியம் வாகனப் பரிசோதனை. மேலதிகச் சில்லு, ஜாக்கி, கால்விரிப்பு முதலிய யாவற்றையும் இறக்கிவைக்கச் சொன்னார்கள். அவிழ்ந்து கிடக்கும் ஒரு திருகாணிச் சாவிகூட மோதலின்போது எறிகணையாகிவிடும் என்றார் பரிசோதகர். பற்றரி அசைகிறதா, ஆசனப்பட்டி இறுகுகிறதா, அக்சிலேற்றரை மிதித்துவிட்டால் தானாகவே மீள்கிறதா, தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா என்றெல்லாம் பார்த்தனர். ஓட்டுபவனுக்கான பாதுகாப்பு இவ்வளவு நுணுக்கமாக அமைந்திருந்தமை எனக்கு மிக்க ஆறுதல் அளித்தது.

பின்னர்ப் பாதையை நடந்து பார்க்க அனுப்பினார்கள். ஓட்டப் போட்டிக்கு வந்தவன் முதலில் நடக்க வேண்டியிருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம். கீழே இரண்டு கொண்டையூசி வளைவுகள். அப்பால் தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு நீண்ட ஏற்றம். ஏற்றத்தின் முடிவிற் பாதை சட்டென்று தட்டையாகிச் சிறிது இறங்கி இடப்புறம் திரும்புகிறது. அவ்வளைவின் வெளிப்பக்கத்தில் இடுப்பளவு உயரமான மண் திட்டு; அதன்மேல் ஒற்றையடிப்பாதை. நான் நடந்துகொண்டிருந்தபோது பெண்கள் சிலர் கொழுந்துக் கூடையுடன் அவ்வழியே இறங்கி வந்தனர். தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட அவர்களுடைய முன்னோரின் கைகளே இம்மலைகளிற் பாதைகளை வெட்டின. அன்று அவர்கள் பாதையோரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டனர். நானும் நடந்து போய்விட்டேன். அது முறையன்று என்று தோன்றியது பின்னர்தான்.

பகலுக்குமேல் பயிற்சி ஓட்டம். தலைக்கவசத்துக்குள் என் மூச்சொலியே பெரிதாகக் கேட்டது. பச்சை விளக்கு எரிந்ததும் கிளச்சை விட்டேன். முன்சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. முன்சில்லால் இழுக்கப்படும் கார் மேட்டில் ஏறும்போது பாரம் பின்னோக்கிச் சாய்வதால் முன்சில்லுகளின் பிடி குறைகிறது. புத்தகத்தில் அறிந்ததுதான், என்றாலும் என் காலுக்கு அது தெரிந்திருக்கவில்லை. கொண்டையூசி வளைவுகளை எப்படியோ கடந்தேன். நீண்ட ஏற்றத்தில் மூன்றாம் கியரில் இயந்திரம் அலறிற்று. மேட்டின் தலையை அடைந்தபோது மணிக்கு 70 கிலோமீற்றர் வேகம் இருக்கலாம். அதாவது கண்ணிமைக்கும் ஒரு விநாடியில் ஏறத்தாழ 20 மீற்றர்.

தெருவில் அது ஒரு வேகமேயன்று. ஆனால் அந்த மேட்டின் தலையில் வானம் மட்டும் தெரிந்து, மறுகணம் பாதை இடப்புறம் மறைந்தபோது என்னை அச்சம் பற்றிக்கொண்டது. ஸ்ரியரிங்கைத் திருப்பியபடியே காலை அக்சிலேற்றரிலிருந்து முற்றாக எடுத்துவிட்டேன். அச்சமுற்ற எவனும் செய்வது அதுவே, செய்யக்கூடாததும் அதுவே. பாரம் முழுவதும் முன்னே விழ, பின்சில்லுகள் பிடி இழந்தன. காரின் பின்புறம் வலப்பக்கமாக வீசிச் சுழன்றது. தேயிலைச் செடிகள் பச்சைக் கோடுகளாய் ஓடின. பின்னர் மண்ணில் ஏதோ மோதிய சத்தம், அதன்பின் அமைதி. கார் மண் திட்டில் முதுகைச் சாய்த்து நின்றது. வலப்பக்கப் பின்விளக்கு நொறுங்கியிருந்தது. வேறு சேதமில்லை.

கதவைத் திறந்து இறங்கியபோதுதான் கண்டேன். திட்டின் மேல், என் காரின் பின்விளக்கிலிருந்து மூன்று முழத் தூரத்தில், மஞ்சட் கம்பளிச் சட்டை அணிந்த சிறுவன் ஒருவன் நின்றான். பத்து வயது இருக்கும். அவனுக்குப் பின்னால் ஒரு முதியவளும் வேறு நாலைந்து பேரும் நின்றனர். ஒருவரும் ஓடவில்லை, ஓட நேரமும் இருந்திருக்காது. சிறுவன் குனிந்து விளக்கின் சிவப்புத் துண்டொன்றைப் பொறுக்கி எடுத்தான். அவன் முகத்தில் அச்சத்தின் சாயலே இல்லை.

"அண்ணே, நாளைக்கும் இப்பிடிச் சுத்துவீங்களா?" என்று கேட்டான்.

"தம்பி, இங்கே நிற்கக்கூடாது, மேலே செடிகளுக்குப் பின்னாற் போய் நில்லும்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

"அங்க நின்னா காரு தெரியாதே" என்றான் அவன்.

அவனும் மற்றவர்களும் சேர்ந்தே காரைத் தள்ளிப் பாதையில் விட்டார்கள். சிவப்புத் துண்டைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டான். மேலே நின்ற கொடிக்காரர் ஓடிவந்து அவர்களைப் பின்னே போகச் சொன்னார், போனார்கள். அடுத்த கார் வரும் ஓசை கேட்டதும் மீண்டும் முன்னே வந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பார்ப்பவனுக்கு அந்த வளைவைவிடச் சிறந்த இடம் அப்பாதை முழுவதிலும் இல்லை. எங்கு கார் நிலைதடுமாறக்கூடுமோ அங்குதான் கூட்டம் சேரும்.

இரவு குளிரில் அண்ணன் ஒரு சிவப்பு மின்குமிழைத் தகட்டில் வைத்துக் கட்டி விளக்கைச் சரிசெய்துகொண்டே எனக்குப் பாடம் நடத்தினார்.

"தம்பி, நீங்க மண்ணைப் பாத்தீங்க. அதனாலதான் மண்ணுக்குப் போனீங்க. கண்ணு எங்க போவுதோ, கையும் அங்கதான் போவும். வளைவுக்கு முன்னாடியே பிறேக்கைப் புடிச்சி முடிச்சிருங்க. அதுக்கப்புறம் காலை எடுக்காதீங்க. பாதை எங்க முடியுதோ அங்க மட்டும் பாருங்க. ஆளு நிக்கிறாங்களா, மரம் நிக்குதா, ஒண்ணும் பாக்கக் கூடாது."

இது பயிற்றுவோர் யாவரும் கூறும் பாடமே. பின்னாளில் வாசித்த நூல்களிலும் இதனையே கண்டேன். பார்வை தடையிற் பதிந்தால் கை தன்னையறியாமலே அத்தடையை நோக்கித் திருப்பும். அவர் கூறியதில் எட்டுணையும் தவறில்லை.

ஞாயிறு காலை ஓட்டுநர் கூட்டம் நடந்தது. கொடிகளின் பொருளை விளக்கினார்கள். ஓட்ட ஒழுங்கை வாசித்தார்கள். இறுதியில், பாதையைப் பற்றி எவருக்கேனும் ஏதும் சொல்லவுண்டா என்று கேட்டார் பொறுப்பாளர். சுமார் நாற்பது பேர் நின்றிருந்தோம். பலர் இருபது ஆண்டுகளாக ஓடுபவர்கள். நானோ முதல்நாளே சுழன்று, கேலிக்கு ஆளாகியிருந்த புதியவன். அந்த வளைவின் திட்டில் மக்கள் நிற்கிறார்கள், அங்கே கயிறு கட்ட வேண்டும் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் போட்டி தாமதமாகும். சுழன்றவன்தானே நீ, மெதுவாகப் போ என்று யாரேனும் சிரிக்கவும் கூடும். அரை நிமிடம் கழிந்தது. ஒருவரும் பேசவில்லை. கூட்டம் கலைந்தது.

முதல் ஓட்டத்தில் மேட்டின் தலையை நெருங்கும்போது மஞ்சட் சட்டை கண்ணிற் பட்டது. முழுமையாகப் பிறேக் பிடித்து, இரண்டாம் கியருக்கு இறக்கி, மாட்டுவண்டிபோல் அவ்வளைவைக் கடந்தேன். நேரம் 1 நிமிடம் 16.2 விநாடி. என் வகுப்பில் ஓடிய பதினொரு கார்களுள் கடைசி. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ரயர்களின் காற்றை அளந்துகொண்டிருந்தார். அவர் சொல்லாமல் விட்டதே எனக்குத் தைத்தது.

இரண்டாவது ஓட்டத்தில் அவர் சொன்னபடியே செய்தேன். மேட்டுக்கு முன்னரே ஒருமுறை பிறேக் பிடித்து விட்டேன். பின்னர்க் காலை அழுத்தியபடியே வைத்துக்கொண்டேன். பார்வையை வளைவின் முடிவில், தொலைவில் தெரிந்த ஒரு சவுக்கு மரத்தின் அடியில் நிறுத்தினேன். கார் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் வளைந்து சென்றது. முந்திய நாள் அத்தனை கொடூரமாகத் தோன்றிய வளைவு அதுதானா என்று வியப்பாக இருந்தது. அக்கணத்தில் நான் அடைந்த மகிழ்ச்சியை மறைப்பது பொய்யாகும். அதற்கு ஈடான மகிழ்ச்சியை நான் வேறெதிலும் அதிகம் கண்டதில்லை. 1 நிமிடம் 11.8 விநாடி. ஒன்பதாம் இடம். அண்ணன் என் தோளைத் தட்டி, "இப்பதான் வண்டி ஓட்டினீங்க" என்றார். தோட்டத்துக் கடையில் தேநீரும் ரொட்டியும் வாங்கித் தந்தார். சிறுவனைத் தேடிப்பார்க்க வேண்டும் என்று எண்ணினேன். மழை இறங்கவே புறப்பட்டுவிட்டோம்.

2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் காரோட்டப் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகி மக்களிடையே பாய்ந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவர்களுள் அடங்குவாள். செய்தியை நான் கொழும்பில், இரவுணவின்போது கேட்டேன். அம்மா பல ஆண்டுகளுக்கு முன் கேட்ட கேள்வி உடனே நினைவுக்கு வந்தது. அவரும் அன்று தொலைபேசியில் அழைத்தார். ஆனால் அதைப்பற்றிப் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டார்.

என் மேசை இழுப்பறையில் 1 நிமிடம் 11.8 விநாடி என்று அச்சிட்ட நேரத்துண்டு இன்னும் உள்ளது. அதனை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். அந்த ஓட்டத்தின் ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு கியர் மாற்றமும் எனக்கு மனப்பாடம். சவுக்கு மரத்தின் அடியில் வெள்ளையடித்திருந்தது கூட நினைவிருக்கிறது. வலப்புறத் திட்டின் மேல் அப்பொழுது மஞ்சள் நிறம் தெரிந்ததா என்று நெடுநேரம் நினைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் நான் பார்க்கவேயில்லை.