நூல் கட்டிய வண்டி

வண்டி நேராகத்தான் போகிறது, ஸ்டீயரிங்தான் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது என்று மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் நண்பரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு டயர் கடையில் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் பார்த்திருந்தேன். எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்த காகிதத்தையும் கையோடு கொடுத்தார்கள். நண்பர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “பூஞ்சேரியத் தாண்டி திருக்கழுக்குன்றம் ரோட்டுல ஒருத்தர் நூல் கட்டிப் பாக்குறாரு. அங்க போங்க” என்றார்.

பெயர்ப்பலகை இல்லாத தகரக் கொட்டகை. வாசலில் மீன் ஏற்றும் குட்டியானை லோடு வண்டி ஒன்றும் சவாரிக் கார் ஒன்றும் நின்றன. ஐம்பதைத் தாண்டிய மேஸ்திரி அந்தக் காரின் முன் டயரை உள்ளங்கையால் குறுக்கே தடவிக்கொண்டிருந்தார். என்னையும் தடவச் சொன்னார். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழுவழுப்பாக இருந்த ரப்பர், உள்ளிருந்து வெளியே வரும்போது அரம் மாதிரி கையைப் பிடித்தது. “டோ இன் ஜாஸ்தி” என்றார். இரண்டு முன் சக்கரங்களும் முன்பக்கத்தில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன என்று பொருள். விலகி நின்றால் டோ அவுட்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கணக்குப் போட்டால்தான் உறைக்கிறது. 14 அங்குல ரிம்மின் விளிம்புக்கு விளிம்பு சுமார் 390 மி.மீ. அந்த அகலத்தில் சக்கரம் வெறும் 3 மி.மீ. கோணலாக நின்றால், ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை மீட்டருக்கு மேல் டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கி.மீ. வந்து சேர்வதற்குள் அந்த டயர் 200 மீட்டருக்கு மேல் தார்ச்சாலையில் தேய்த்துக்கொண்டே வந்திருக்கும். போக வர, தினமும்.

என் காருக்கு நூல் கட்டும் வேலையை என் தலையிலேயே கட்டிவிட்டார். “கத்துக்கினா வீட்லயே பண்ணிக்கலாம் சார்.” அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

முதலில் நான்கு டயரிலும் காற்று சரிபார்க்க வேண்டும். பிறகு ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, கடிகார முள் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்ட வேண்டும். ‘லொடக்’ என்றால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் எண்ட் போய்விட்டது. அதை மாற்றாமல் நூல் பிடிப்பது வீண். பன்னிரண்டிலும் ஆறிலும் ஆடினால் பேரிங், பால் ஜாயிண்ட் பக்கம் பார்க்க வேண்டும். ஆட்டம் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் அடியில் இரண்டு டைல்ஸ், அவற்றின் நடுவே கிரீஸ். தரை பிடித்துக்கொள்ளாமல் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்ப இது போதும். ஸ்டீயரிங்கை நட்டநடுவில் நிறுத்தி, ஆடாமல் சீட்டோடு சேர்த்துக் கட்டினோம்.

நூல் என்று பெயர்தானே தவிர, அது கோவளத்துக் கடையில் வாங்கிய தூண்டில் நரம்பு. பருத்தி நூல் தொய்யும், காற்றுக்கு ஆடும்; நரம்பு விண்ணென்று நிற்கும். வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இரும்புக் குழாய்கள். இரண்டிலும் ஒரே இடைவெளியில் ரம்பத்தால் போட்ட வெட்டு. வெட்டுக்கு வெட்டு நரம்பைக் கட்டினால் வண்டியின் இரு பக்கமும் இணைகோடுகள் தாமாக வந்துவிடுகின்றன. குழாய்களைத் தாங்கச் சிற்பக்கூடத்தில் மிஞ்சிய கருங்கல் துண்டுகள், சக்கரத்தின் நடுமையம் வரும் உயரத்துக்கு. அடுத்து குழாயை இப்படியும் அப்படியும் நகர்த்தி, இடப்பக்கமும் வலப்பக்கமும் சக்கர மையத்திலிருந்து நரம்புக்கு ஒரே தூரம் வரவைக்க வேண்டும். என் காரில் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் முன்னதைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் முன்னுக்கும் பின்னுக்கும் தூரம் ஒன்றாக வராது. இடமும் வலமும் ஒன்றாக வந்தால் போதும். வேலையில் பாதி நேரம் இதற்கே போகிறது. பொறுமை இல்லாதவர்கள் நூல் கட்டக் கூடாது.

எஃகு ஸ்கேலை ரிம்மில் வைத்து, நரம்பைத் தொடாமல், ஒரு கண்ணை மூடிப் படித்தேன். இடச் சக்கரம்: முன் விளிம்பு 64, பின் விளிம்பு 61. வலச் சக்கரம்: முன் 60, பின் 61. மேஸ்திரி எழுந்தே வரவில்லை. “இந்தாண்ட மூணு உள்ள, அந்தாண்ட ஒண்ணு வெளிய. ரெண்டையும் சேத்தா ரெண்டு மில்லி டோ இன். கணக்கு சரியாத்தான் கீது. அதான் வண்டி நேராப் போவுது. ஆனா ரெண்டு சக்கரமும் வலது பக்கம் பாக்குது. நீங்க இடது பக்கம் புடிச்சாத்தான் நேராப் போவும்.”

பச்சைக் காகிதத்தின் மர்மம் அந்த நாற்காலியிலேயே தீர்ந்தது. அந்தக் கடையில் ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்திக் கட்டாமலேயே அளந்திருக்கிறார்கள். மெஷின் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

இடது டை ராடையும் வலது டை ராடையும் எதிரெதிராக, அரைச் சுற்றுக்கும் சற்றுக் குறைவாகத் திருப்ப வேண்டும். சொல்ல எளிது. லாக் நட் அசைய மறுத்தது. கடற்காற்றில் இந்தப் பக்கத்து வண்டிகளின் அடிவயிறு முழுக்க உப்பு. சதுரங்கப்பட்டினம் வரைக்கும் மீன் வண்டிகளில் ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து ஒழுகி மரையைத் தின்றுவிடுகின்றன. கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஒரு ஸ்பேனரால் ராடைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் தளர்த்தினோம். அவசரப்பட்டு அடித்தால் ரப்பர் பூட் கிழியும்.

ஊறும் நேரத்தில்தான் அவர் கதை வந்தது. அப்பா கல்தச்சர். செங்காவியில் தோய்த்த நூலைக் கல்லின் மேல் இழுத்துச் சுண்டிக் கோடு போடுவது மகனின் முதல் வேலை. 1957இல் தொடங்கிய இங்குள்ள அரசு சிற்பக் கல்லூரியில் மகனைச் சேர்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. கட்டர் மெஷின் வந்த பிறகு கூடங்களில் கல்தூசு புகையாக நின்றது; அப்பாவுக்கு இருமல் நிற்கவேயில்லை. “அந்த இருமலக் கேட்டுக்கினே கல்லு முன்னாடி உக்கார முடியல சார்.” 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு ஓடிப்போய், ஒரு பந்தய அணியில் டயர் உருட்டும் பையனாகச் சேர்ந்தார். சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்து மெக்கானிக்குகள் அங்கே காரைச் சுற்றி நூல் கட்டி அளந்தார்கள். பையனுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. பந்தயக் களங்களில் இன்றும் பல அணிகள் நூல் கட்டித்தான் அளக்கின்றன. மின்சாரம் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும்.

கேம்பர் என்னும் சக்கரச் சாய்வைப் பார்ப்பதற்கு இன்னும் அப்பாவின் தூக்குக்குண்டுதான். பித்தளை, கூர்முனை மழுங்கியது. சக்கரத்தின் மேல் விளிம்பருகே தொங்கவிட்டு, மேலும் கீழும் இடைவெளியை அளந்தால் சக்கரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். சிறிய கார்களில் அதைத் திருத்துவதற்குப் பெரும்பாலும் திருகு கிடையாது. அளவு தப்பியிருந்தால் ஏதோ பள்ளத்தில் லோயர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கிறது. காஸ்டர் என்ற மூன்றாவது கோணத்தை அவர் தொடுவதில்லை.

கூலி 200 ரூபாய். இதற்கே சவாரி டிரைவர்கள் பேரம் பேசுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. நெடுஞ்சாலை டயர் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனால் டிரைவருக்குத் தனியாகக் கமிஷன், அது முதலாளியின் பில்லில் ஒளிந்திருக்கும். நூல்காரர் யாருக்கும் கமிஷன் தருவதில்லை, அதனால் வண்டி அதிகம் வருவதில்லை. ‘நான்கு டயர் வாங்கினால் அலைன்மென்ட் இலவசம்’ என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. டயர் சீக்கிரம் தேய்ந்தால் யாருக்கு லாபமோ அவர்களிடமே டயர் தேயாமலிருக்கும் வேலையை ஒப்படைத்திருக்கிறோம். பல லட்சம் போட்டு வாங்கிய மெஷினுக்குக் கடன் அடைக்க ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு இருக்கும். துருப்பிடித்த லாக் நட்டோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட அங்கே நிற்கும் பையனுக்கு நேரம் ஏது? அவன் சம்பளமும் பெரிதாக இருக்கப் போவதில்லை. செய்பவனுக்கும் இல்லை, கொடுப்பவனுக்கும் இல்லை, நடுவில் கைகாட்டி நிற்பவனுக்கே எல்லாம்.

இதையெல்லாம் சற்று உரக்கவே சொல்லிக்கொண்டிருந்தபோது புது எஸ்.யூ.வி. ஒன்று வந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, தானே பிரேக் போடும் வசதி எல்லாம் உள்ள வண்டி. மேஸ்திரி குனிந்துகூடப் பார்க்கவில்லை. டோவை மாற்றினால் ஸ்டீயரிங் சென்சாரையும் கேமராவையும் கம்ப்யூட்டரில் மறுபடி செட் பண்ண வேண்டும், நூலால் ஆகாது என்று சொல்லி, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடைக்கு வழி சொன்னார். தன் பெயரைச் சொல்லச் சொன்னார்.

வண்டி கிளம்பியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நடுவுல நிக்கிறவனத் திட்டிக்கினு இருந்தீங்களே சார். இந்த வண்டிக்கு அந்தக் கடக்காரன் எனக்கு நூறு ரூவா அனுப்புவான்.”

அதற்குள் லாக் நட் இளகியிருந்தது. ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.